அம்மா வீடு, அப்பா வீடு... பிரிந்த பெற்றோர் குழந்தையைச் சந்திக்கும் அட்டவணையைப் போடுவது எப்படி?

'வாரம் ஒரு முறை தந்தை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.'

கணவன் - மனைவி பிரியும்போது எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் நகை, சீர்வரிசை, ஜீவனாம்சம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். குழந்தை விஷயம் மட்டும் சில நேரம் இப்படி ஒற்றை வரியில் முடிந்துவிடும். அந்த ஒற்றை வரிதான் பிறகு சண்டைக்குக் காரணமாகிறது. வாரத்தில் எந்த நாள்? எத்தனை மணிக்கு? யார் கொண்டுவந்து விடுவது? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? தீபாவளிக்கு எந்த வீடு? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு போன் கால், ஒவ்வொரு போன் காலுக்கும் ஒரு வாக்குவாதம். நடுவில் நிற்பது குழந்தை.

இதைத் தவிர்க்கத்தான் 'விசிட்டேஷன் ஷெட்யூல்' எனப்படும் சந்திப்பு அட்டவணை. அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது, மீறினால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

கஸ்டடி வேறு, விசிட்டேஷன் வேறு

குழந்தை அன்றாடம் யாருடன் வசிக்கிறது, யார் பள்ளிக்கு அனுப்பி வளர்க்கிறார் என்பது 'கஸ்டடி'. கஸ்டடி இல்லாத இன்னொருவர் குழந்தையைச் சந்திக்கவும், தன்னுடன் அழைத்துச் சென்று தங்க வைக்கவும் உள்ள உரிமைதான் 'விசிட்டேஷன்'. கஸ்டடி ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என்பதால் மற்றவர் அம்மாவோ அப்பாவோ இல்லை என்று ஆகிவிடாது.

2020ஆம் ஆண்டு யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் மனித உரிமை என்றது. அதாவது, இது அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை என்பதைவிட முதலில் குழந்தையின் உரிமை. சந்திப்பு எப்படி, எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் விவரமாக வரையறுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. நேரில் சந்திப்பதோடு சேர்த்து, தினமும் 5 முதல் 10 நிமிடம் போனிலோ வீடியோ காலிலோ பேசும் 'தொடர்பு உரிமை'யையும் அது வலியுறுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் குழந்தை கஸ்டடிக்கு எல்லோருக்குமான அடிப்படைச் சட்டம் 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம். குழந்தை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில்தான் இதன்கீழ் மனு செய்ய வேண்டும். இதுதவிர, இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 43ஆவது பிரிவு ஆகியவற்றின்படி, விவாகரத்து வழக்கு நடக்கும்போதே குழந்தை குறித்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். 'கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருக்கத் தேவையில்லை.

1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். இதில் 'சாதாரணமாக' என்ற சொல் முக்கியம். குழந்தையின் நலன் வேறு பக்கம் இருந்தால் நீதிமன்றம் வேறு முடிவும் எடுக்கலாம். எந்த மதம், எந்தச் சட்டம் என்றாலும் நீதிமன்றம் கடைசியில் பார்ப்பது ஒன்றைத்தான்: குழந்தையின் நலன்.

சென்னையைச் சேர்ந்த ரோசி ஜேக்கப் வழக்கில் 1973ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்ல என்று கூறியது. கஸ்டடி உத்தரவுகள் நிரந்தரமானவை அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

அட்டவணை யாருக்காக? முதலில் வயதைப் பாருங்க

பெரும்பாலான பெற்றோர் தங்கள் வேலை நேரத்தை வைத்து அட்டவணை போடத் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது குழந்தையின் வயதிலிருந்து.

கைக்குழந்தை முதல் 3 வயது வரை: இந்த வயதில் 'அடுத்த வாரம்' என்பதே புரியாது. மாதத்துக்கு ஒரு முழு நாள் என்பதைவிட, வாரத்துக்கு 2 அல்லது 3 முறை ஓரிரு மணி நேரம் என்பதே பொருந்தும். தாய்ப்பால், தூக்க நேரம் இரண்டையும் தொந்தரவு செய்யக் கூடாது. எடுத்ததும் இரவு தங்க வைப்பது கஷ்டம், படிப்படியாகப் பழக்கலாம்.

3 முதல் 5 வயது வரை: அரை நாள், பிறகு முழு நாள், பழகியபின் ஓர் இரவு என்று நகரலாம். குழந்தைக்குப் பிடித்த போர்வை, பொம்மை இரண்டு வீட்டுக்கும் கூடவே போகட்டும்.

6 முதல் 12 வயது வரை: வார இறுதி, பரீட்சை லீவு, கோடை விடுமுறை என்று தெளிவான அட்டவணை சரிப்பட்டு வரும். ஹோம்வொர்க் எந்த வீட்டில் இருந்தாலும் முடிக்கப்பட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். 'அப்பா வீடுன்னா ஜாலி, அம்மா வீடுன்னா படிப்பு' என்ற நிலை வந்தால் இருவருக்குமே நஷ்டம்.

13 வயதுக்கு மேல்: டியூஷன், விளையாட்டு, நண்பர்கள் என்று பிள்ளைக்கே தனி அட்டவணை இருக்கும். கேட்காமல் போட்டால் அது காகிதத்தில்தான் இருக்கும். சுயமாக யோசித்துச் சொல்லும் வயதை எட்டிய குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டு சட்டத்தின் 17ஆவது பிரிவும் சொல்கிறது.

ஒரு மாதிரி அட்டவணை

உதாரணத்துக்கு, மூன்றாம் வகுப்பு படிக்கும் 8 வயது குழந்தை. அம்மாவுடன் வேளச்சேரியில் வசிக்கிறது. அப்பா ஆவடியில் இருக்கிறார். இருவர்மீதும் பாதுகாப்பு தொடர்பான புகார் எதுவும் இல்லை. அட்டவணை இப்படி இருக்கலாம்:

- ஒன்று விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை அப்பாவுடன்.
- ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை 5.30 முதல் 7.30 வரை, வேளச்சேரி பகுதியிலேயே சந்திப்பு.
- மற்ற நாள்களில் இரவு 7.30 மணிக்கு 10 நிமிடம் வீடியோ கால். அப்பாவுடன் இருக்கும் நாள்களில் இதே நேரம் அம்மாவுக்கு.
- காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் முதல் பாதி ஒருவரிடம், அடுத்த பாதி மற்றவரிடம்.
- மே மாதத்தில் முதல் 15 நாள்கள் அப்பாவிடம். அந்த நாள்களில் அம்மாவுக்கு ஒரு நாள் நேரில் சந்திப்பு.

புதன்கிழமை சந்திப்பு எதற்கு? அது இல்லையென்றால் ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 13 நாள்கள் ஓடிவிடும். புதன்கிழமை சேர்ந்தால் இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டாது. 8 வயதுக் குழந்தைக்கு 13 நாள் என்பது ரொம்பவே நீளம்.

'முதல், மூன்றாம் சனி' என்று எழுதலாமா?

எழுதலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு எழுத வேண்டும். 'ஒன்று விட்டு ஒரு வாரம்' என்றால் ஆண்டுக்கு 26 வார இறுதிகள். 'மாதத்தின் முதல் மற்றும் மூன்றாம் சனி' என்றால் 24தான். தவிர, ஒரு மாதத்தில் 5 சனிக்கிழமைகள் வந்தால், மூன்றாம் சனிக்கும் அடுத்த மாத முதல் சனிக்கும் நடுவே 21 நாள்கள். பெரும்பாலான ஆண்டுகளில் இப்படி 4 மாதங்கள் வரும்.

மறுபக்கம், 'முதல், மூன்றாம் சனி' என்பதில் ஒரு வசதியும் உண்டு. காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'போன வாரம் உன் முறையா, என் முறையா' என்ற குழப்பம் வராது. 'ஒன்று விட்டு ஒரு வாரம்' என்று எழுதினால் தொடங்கும் தேதியைக் கண்டிப்பாகக் குறிப்பிட வேண்டும். விடுமுறை அல்லது பண்டிகையால் நடுவில் ஒரு வாரம் தடைபட்டால் வரிசை அப்படியே தொடருமா, புதிதாக எண்ண வேண்டுமா என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அதேபோல 'மாலையில்', 'வசதிப்பட்ட நேரத்தில்', 'பரஸ்பரம் பேசி' போன்ற வார்த்தைகள் பார்க்க நாகரிகமாக இருக்கும். பேச்சுவார்த்தையே நின்றுபோன இருவருக்கு இந்த வார்த்தைகளால் பயனில்லை. மணி, இடம், பெயர் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

தீபாவளி யாருக்கு, பொங்கல் யாருக்கு?

அதிகம் சண்டை வரும் இடம் இது. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி என்று இரண்டு குடும்பமும் குழந்தையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள்கள் இவை.

எளிய வழி, இரட்டைப்படை - ஒற்றைப்படை ஆண்டுக் கணக்கு. இரட்டைப்படை ஆண்டில் தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம். ஒற்றைப்படை ஆண்டில் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறை சில நாள்கள் நீள்வதால் போகியும் பொங்கலும் ஒருவரிடம், மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மற்றவரிடம் என்றும் பிரிக்கலாம். கிறிஸ்துமஸ், ரம்ஜான், ஊர்த் திருவிழா எதுவானாலும் இதே சூத்திரம்தான். பெற்றோர் இருவரும் வெவ்வேறு மதம் என்றால் வேலை இன்னும் சுலபம்; அவரவர் பண்டிகை அவரவரிடம்.

குழந்தையின் பிறந்தநாளில், அன்று யாருடைய முறையோ அவருடன் குழந்தை இருக்கலாம். மற்றவருக்கு 2 மணி நேரம் ஒதுக்கலாம். ஒரே கேக்கை இரண்டு குடும்பமும் சேர்ந்து வெட்ட முடிந்தால் நல்லது. முடியாது என்றால் முயற்சி செய்து குழந்தை முன் முறைத்துக்கொண்டு நிற்பதைவிட, தனித்தனியாகக் கொண்டாடுவதே மேல்.

வழக்கமான வார இறுதியும் பண்டிகை நாளும் மோதினால் எது செல்லும்? 'பண்டிகை அட்டவணையே முதன்மையானது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

தாத்தா, பாட்டியையும் மறக்கக் கூடாது. நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டு மே மாதம் அளித்த 257ஆவது அறிக்கையில், பெற்றோருக்கான 'பேரன்டிங் பிளான்', கூட்டுக் கஸ்டடி ஆகியவற்றோடு, குழந்தை தாத்தா பாட்டியுடன் செலவிடும் நேரம் பற்றியும் பேசியிருக்கிறது. இவை பரிந்துரைகள் மட்டுமே என்றாலும், அட்டவணை போடுபவர்களுக்கு நல்ல வழிகாட்டி.

எங்கே ஒப்படைப்பது?

குழந்தை கை மாறும் அந்த ஐந்து நிமிடம்தான் ரொம்ப 'சென்சிட்டிவ்'. வாசலில் நின்று பழைய பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுத்த முறை கிளம்பும்போதே குழந்தைக்கு வயிறு வலிக்க ஆரம்பிக்கும்.

வீட்டு வாசல் சரிவராது என்றால் பள்ளி, பூங்கா, உறவினர் வீடு என ஏதாவது பொது இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்று, திங்கள் காலை பள்ளியிலேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது. பெற்றோர் நேருக்கு நேர் பார்க்க வேண்டிய அவசியமே வராது. யார் யார் அழைத்துச் செல்லலாம் என்பதைப் பள்ளிக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு நேரம் தாமதித்தால் காத்திருக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம், உதாரணமாக 30 நிமிடம்.

குழந்தையோடு மருந்து, அதைக் கொடுக்க வேண்டிய நேரம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, நோட்டுப் புத்தகம் ஆகியவையும் போக வேண்டும். பெற்றோர் இருவருக்கும் இடையே வாட்ஸ்அப்பில் குழந்தைக்கென மட்டும் ஒரு தனி 'குரூப்' இருந்தால், அந்தத் தகவல்கள் வேறு பேச்சோடு கலக்காது.

வேறு ஊர், வேறு நாடு என்றால்?

அம்மாவும் குழந்தையும் கோவையில், அப்பா சென்னையில் என்றால் வாரா வாரம் என்பது நடக்காத காரியம். குழந்தை ஞாயிறு இரவு ரயில் ஏறி, திங்கள் காலை தூக்கக் கலக்கத்தில் பள்ளிக்குப் போக முடியாது. மாதம் ஒரு வார இறுதி என்று வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அப்பா கோவைக்கு வந்து பார்க்கலாம். குறைந்துபோன நாள்களைக் காலாண்டு, அரையாண்டு, மே மாத விடுமுறைகளில் ஈடுகட்டலாம். டிக்கெட் செலவு யாருடையது, எத்தனை வாரம் முன்பே புக் செய்ய வேண்டும், குழந்தையுடன் யார் பயணம் செய்வது ஆகிய மூன்றும் எழுத்தில் வேண்டும்.

வெளிநாடு என்றால் கடிகாரமும் சேர்ந்துகொள்ளும். துபாயில் இரவு 8 மணி என்றால் இங்கே 9.30, குழந்தை தூங்கப் போகும் நேரம். சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 5.30; விளையாடப் போகும் நேரம். எனவே, வீடியோ கால் நேரத்தைக் குழந்தை இருக்கும் ஊரின் நேரப்படி எழுத வேண்டும். குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது, பாஸ்போர்ட் யாரிடம் இருக்க வேண்டும், திரும்பும் தேதி ஆகியவற்றுக்குத் தனி விதிகள் வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தையை நாட்டுக்கு வெளியே அழைத்துச் செல்வது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

எல்லோருக்கும் இந்த அட்டவணை பொருந்துமா?

பொருந்தாது. வீட்டில் வன்முறை, குழந்தைமீது துன்புறுத்தல், கடும் போதைப் பழக்கம், குழந்தையைக் கடத்திச் செல்லும் ஆபத்து போன்றவை இருந்தால் 'சமமாகப் பிரிப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே முதலில் வருவது பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, மாஜிஸ்திரேட் குழந்தையின் தற்காலிகக் கஸ்டடியை வழங்கலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு தரும் என்று கருதினால் அதற்கு அனுமதி மறுக்கவும் வேண்டும்.

முழுவதும் மறுக்கத் தேவையில்லாத நிலையில், மூன்றாவது நபர் உடனிருக்கும் 'கண்காணிப்புடன் கூடிய சந்திப்பு' ஒரு வழி. நீதிமன்ற வளாகம், ஆலோசகரின் அறை, இருவரும் நம்பும் உறவினர் வீடு போன்ற இடங்களில் இது நடக்கும். நிலைமை சீரானால் படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற சைல்டுலைன் எண்ணையும், பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

பேசி முடித்துவிட்டோம், அது போதுமா?

போதாது. இருவரும் கையெழுத்திட்ட காகிதம் நல்ல தொடக்கம்தான், ஆனால் நாளை ஒருவர் 'முடியாது' என்றால் அதை வைத்து நேரடியாக எதுவும் செய்ய முடியாது. நீதிமன்ற உத்தரவாக மாறினால்தான் அதற்குப் பலம்.

பரஸ்பர விவாகரத்து மனு என்றால் அதிலேயே முழு அட்டவணையையும் சேர்க்கலாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால், குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசகர்கள் அல்லது சமரச மையம் மூலம் பேசி முடித்து, அந்த உடன்பாட்டை உத்தரவில் பதிவு செய்யக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005ஆம் ஆண்டு முதல் சமரச மையம் இயங்கி வருகிறது. உடன்பாடே ஆனாலும் அது குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தால் நீதிமன்றம் ஏற்க வேண்டியதில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறலாம். ஆண்களுக்கு வருமான வரம்பு போன்ற தகுதிகள் உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

அட்டவணையை மீறினால்?

முதல் விதி: ஜீவனாம்சமும் சந்திப்பும் வேறு வேறு. 'பணம் தரலையா, குழந்தையைக் காட்ட மாட்டேன்', 'குழந்தையைக் காட்டலையா, பணம் தர மாட்டேன்' என்ற இரண்டுமே தவறு. பணம் வரவில்லை என்றால் அதற்குத் தனி மனு. சந்திப்பு நடக்கவில்லை என்றால் அதற்குத் தனி மனு.

எந்தத் தேதியில், எந்தச் சந்திப்பு, என்ன காரணத்தால் நடக்கவில்லை என்று குறித்து வைக்க வேண்டும். மெசேஜ்களை அழிக்கக் கூடாது. உத்தரவு இருந்தும் வேண்டுமென்றே மீறினால், அதை நிறைவேற்றக் கோரியும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை கேட்டும் மனு செய்யலாம். 1890ஆம் ஆண்டு சட்டத்தின் 45ஆவது பிரிவில், உத்தரவுப்படி குழந்தையை ஆஜர்படுத்தாதவருக்கு 100 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இன்றைக்கு இது சின்னத் தொகைதான். ஆனால் ஆஜர்படுத்த ஒப்புக்கொள்ளும்வரை சிவில் சிறையில் வைக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது.

ஒரே ஒரு முறை காய்ச்சலால் ரத்தானதற்கு கோர்ட் வரை போக வேண்டியதில்லை. 'ரத்தானால் அடுத்த வாரமே ஈடு' என்று அட்டவணையிலேயே எழுதிவிட்டால் அது அங்கேயே தீர்ந்துவிடும்.

குழந்தையே 'நான் போகமாட்டேன்' என்றால்?

உடனே 'அவங்கதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க' என்று முடிவு செய்துவிடக் கூடாது. 'பார்த்தியா, உன்னைப் பிடிக்கல' என்று வெற்றிபெற்றதுபோலப் பேசவும் கூடாது. காரணம் சின்னதாக இருக்கலாம்: அந்த வீட்டில் விளையாட ஆள் இல்லை, சனிக்கிழமை நண்பனின் பிறந்தநாள், இரவு இருட்டு பயம். பெரியதாகவும் இருக்கலாம். யாராவது அடிக்கிறார்களா, தவறாக நடக்கிறார்களா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரின் உதவியை நாட வேண்டும்.

ஒரு பெற்றோர் இன்னொருவருக்கு எதிராகக் குழந்தையின் மனதைத் திருப்பும் போக்கை 2017ஆம் ஆண்டு விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவலையுடன் குறிப்பிட்டது. 'அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?', 'அப்பா வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?' என்று விசாரிப்பது, 'இதை அவங்ககிட்ட போய் சொல்லு' என்று தூது அனுப்புவது, அழும் குழந்தையை ஆதாரத்துக்காக வீடியோ எடுப்பது போன்றவை குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்குச் சமம். அட்டவணையின் கடைசியில் 'இவற்றைச் செய்ய மாட்டோம்' என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடலாம்.

ஒருமுறை போட்டால் முடிந்ததா?

இல்லை. 4 வயதில் போட்டது 9 வயதில் பொருந்தாது. பள்ளி மாறும், வீடு மாறும், யாராவது மறுமணம் செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை, புதிய கல்வியாண்டு தொடங்கும் முன்பு, அட்டவணையை மறுபடி பார்க்க ஒரு தேதி குறித்துக்கொள்வது நல்லது. சின்ன மாற்றங்களை மெசேஜில் உறுதி செய்யலாம். பெரிய மாற்றம் என்றால் நீதிமன்றத்தில் மனு செய்து உத்தரவை மாற்ற வேண்டும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு யோசனை. இரண்டு வீட்டிலும் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒரே மாதிரி மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, அம்மா நாளுக்கு ஒரு கலர், அப்பா நாளுக்கு ஒரு கலர் என்று குழந்தையையே அடிக்கச் சொல்லலாம். 'அடுத்து எப்போ வருவீங்க?' என்ற கேள்விக்கு யாருடைய முகத்தையும் பார்க்காமல் குழந்தையே பதிலைத் தெரிந்துகொள்ளும்.